மூடியாச்சு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். நான் அசையும்போதெல்லாம் தரையில் 'டக்' என்று தட்டுகிறது. ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இந்த மாதிரி சத்தமெல்லாம் மற்றவர்கள் காதில் விழாது, என் காதில் விழுந்துவிடும். என் பிழைப்பு அப்படி.

விசாரணை முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் தலைமை தாங்கினீர்கள், பொறுமையாகக் கேட்டீர்கள், முடிவும் சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். உங்கள் முடிவில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். வெறும் திருத்தத்தை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

லேசரை நடுங்காமல் வைத்திருப்பது என் வேலை. லேசர் ஒளியின் நிறம் என்பது அது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதுதான். அந்தத் துடிப்பு கொஞ்சமும் பிசகாமல் இருந்தால் அதை வைத்து மிகத் துல்லியமான கடிகாரம் செய்யலாம். பிசகாமல் இருக்க நாங்கள் செய்வது இதுதான்: இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒளியைப் போக வர விடுவோம். கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள தூரம் ஒரு அணுவின் அகலத்தில் துளியூண்டு மாறினாலும் துடிப்பு மாறிவிடும். மாடியில் யாராவது மேசையை இழுத்தால் மாறிவிடும். நடைபாதையில் ஒருவர் தும்மினால் மாறிவிடும்.

அதற்காக எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தின் அடித்தளத்தில் எனக்கென்று ஓர் அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. மேசையின் கால்கள் காற்றுப் பைகளின் மேல் மிதக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு சாக்ஸோடு நடக்க வேண்டும். நான் அளவெடுக்கும்போது லிஃப்ட் ஓடாது. பெருக்க வரும் அம்மாகூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாளியைக் கீழே வைப்பார். முதுகுக்குப் பின்னால் என் பெயர் 'உஷ்'. முகத்துக்கு நேராக 'உஷ் சார்'. எனக்கு அதில் வருத்தமே இல்லை. என் இளமை முழுவதும் அந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்தான் போனது, அது போன விதத்தில் எனக்குத் திருப்திதான்.

இன்னொன்றையும் நான்தான் அங்கே கொண்டுவந்தேன். நீங்கள் விசாரணையில் நிறையக் கேட்டீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மேசைகளில் லேசர் கற்றைகள் இடுப்பு உயரத்தில் ஓடும். யாரும் அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்கக் குனியத்தான் வேண்டும். கண்ணைக் காக்கும் காகிள்ஸ் போட்டால் அதன் நிறத்தில் தூசி தெரியாது, ஆகவே எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பார்கள். கற்றையை அடைக்கும் ஷட்டரோ மேசையின் மறுமுனையில், கறுப்புத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. குனிகிறவருக்கு அது தெரியாது. எனவே ஒரு விதி வைத்தேன். குனிகிறவர் 'மூடியாச்சா?' என்று கேட்க வேண்டும். ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்பவர் அதன் மேல் கையை வைத்து, கண்ணால் பார்த்து, அதன் பிறகுதான் 'மூடியாச்சு' என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்ன ஒரு பையனை ஒரு வாரம் அறைக்கு வெளியே நிறுத்தினேன். சிரித்தார்கள், கிண்டல் பண்ணினார்கள், கடைசியில் எல்லோரும் பின்பற்றினார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித் தலையைக் குனிவது எங்கள் கூடத்தில் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

என் மனைவியின் தங்கை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். படித்தாள், வெளியே எங்கெங்கோ போய் இன்னும் படித்தாள், அப்புறம் எங்கள் கூடத்துக்கே விஞ்ஞானியாக வந்தாள். வேலை கிடைக்க நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. என்னை 'மாமா' என்பாள், வீட்டிலும் அப்படித்தான், கூடத்திலும் அப்படித்தான். வாய் ஓயாது. காலை உதைத்துக்கொண்டு நடப்பாள். என் அறைக் கதவை முழங்கையால் இடித்துத் திறக்கும் ஒரே ஆள் அவள்தான்.

அவள் எடுத்துக்கொண்ட வேலை வேறு மாதிரியானது. ஸ்ட்ரான்ஷியம் என்று ஒரு உலோகம். அதை வெற்றிடத்தில் சூடாக்கினால் அணுக்கள் ஆவியாகக் கிளம்பும். நீல லேசரை எதிரே அடித்து அவற்றின் வேகத்தைக் குறைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் கொண்டுவந்து விடுவார்கள். சாதாரணமாக ஒவ்வொரு அணுவும் தன் பாட்டுக்குத் தனக்குத் தோன்றியபோது ஒளியை விடும். அவள் அவை எல்லாவற்றையும் சேர்ந்து விட வைத்தாள். அரங்கத்தில் கைதட்டல் முதலில் கலைந்து கிடந்து, யாரும் சொல்லாமலே ஒரே தட்டாகச் சேர்ந்துகொள்ளுமே, அந்த மாதிரி. அப்படி வரும் ஒளியின் தாளம் அணுக்களிடமே இருக்கிறது. கண்ணாடிகள் வெறுமனே சுற்றி நிற்கின்றன. அவை ஆடினாலும் தாளம் கெடாது.

கண்ணாடி ஆடினாலும் கெடாது. இதை என் முகத்துக்கு நேராக எத்தனை பேர் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். அவர்கள் எல்லோருக்கும் அது நல்ல செய்தி.

வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். இயக்குநர் எல்லோரையும் அவள் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். திரையில் ஒரு மெல்லிய கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து, அதன் பின்புறத்தால் கண்ணாடி நின்ற தாங்கியை டொக் டொக்கென்று தட்டினாள். கோடு அசையவில்லை. இன்னொரு தரம் பலமாகத் தட்டினாள். அசையவில்லை. இயக்குநர் என் தோளில் கையைப் போட்டு, "உஷ் சார், இனிமே நீங்க தாராளமா தும்மலாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்தது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நிறுத்திக்கொண்டாளே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. நான் பரிதாபப்பட வேண்டிய ஆள் என்று அவள் அந்த நொடியில் முடிவுசெய்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் என் அறையை அவளுக்குக் கொடுப்பதென்று தீர்மானமானது. "நல்ல ரூம் சார், சும்மா கிடக்க விடலாமா," என்றார் இயக்குநர். என் கண்ணாடிகளை ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். அன்று வீட்டில் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மாமா, நீங்க என்கூட வந்துடுங்க. உங்க கை மாதிரி யாருக்கும் நிதானம் கிடையாது. நீங்க இல்லாம என்னால முடியாது." என் மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்லதா போச்சு, ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிட்டு வரலாம்," என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். என் கொழுந்தியாளுக்கு நான் உதவியாள். என் சொந்த அறையில்.

அந்த வேலையையும் ஒழுங்காகத்தான் செய்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு திருகாணியைக்கூட நான் தவற விடவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் என் கண்ணாடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானே பொதிந்து, நானே கட்டிக் கொடுத்தேன். வாசல்படியில் வண்டியின் சக்கரம் இடித்தது. உள்ளே 'கிணுக்' என்று ஒரு சத்தம். "ஒண்ணும் ஆகல சார்," என்றார் தள்ளிக்கொண்டு போனவர். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அவள் பக்கத்தில் நின்று போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

மதியம் நீல ஒளியின் பலம் குறைந்திருந்தது. அந்த நீலம் எப்படி வருகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை ஒன்று சின்னப் படிகத்துக்குள் போய் நீலமாக மாறி வெளியே வரும். அவள் படிகத்தைக் கழற்றி வைத்தாள், அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். படிகம் இல்லாவிட்டால் நீலம் கிடையாது. கற்றை வந்தாலும் தெரியாது. நான் ஷட்டர் பக்கத்தில் நின்றேன். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு, காகிள்ஸைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, "மூடியாச்சா மாமா?" என்று கேட்டாள். நான் "மூடியாச்சு" என்றேன். ஷட்டர் திறந்திருந்தது.

இதுவரை உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் வலது கண்ணால் பார்த்தாள், பிறகு இடது கண்ணால் பார்த்தாள். இந்தக் கற்றை வலிக்காது. வெளிச்சமாகவும் தெரியாது. கண்ணுக்குள் பின்சுவரில், நாம் எழுத்தையும் முகத்தையும் பார்க்கும் அந்த நடு இடத்தை மட்டும் பொசுக்கிவிட்டுப் போய்விடும். இரண்டு கண்ணிலும் அப்படித்தான் ஆனது. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு கருப்புத் திட்டு நிற்கிறதாம். ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. கதவு தெரிகிறது, கதவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. டாக்டர்கள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்கள், திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் என் மனைவி என்னைக் கரித்துக் கொட்டினாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதைப் பாத்துட்டு சொல்ல முடியாதா உங்களால?" என்று கேட்டாள். ஒரு நாள் இல்லை, தினமும் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வேன். என் மகள் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டுவாள். படங்களையும் விடாமல் விவரித்துச் சொல்வாள்.

கொழுந்தியாள் இனிப் படுத்துக்கிடப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய லேசரை இன்னொரு லேசரோடு கலந்தால் இரண்டின் துடிப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விசிலாக வரும், அதை ஒலிபெருக்கியில் கேட்கலாம். முன்பெல்லாம் விளையாட்டுக்குத்தான் கேட்போம். இப்போது அவள் அதைக் காதால் கேட்டுக்கொண்டே திருகிகளைத் தடவித் தடவிச் சரிசெய்கிறாள். விசில் கரகரப்பில்லாமல் மெல்லிய இழையாகும்வரை விடமாட்டாள். கண் இருந்தபோது வந்ததைவிட நல்ல அளவுகள் வருகின்றன, அதை மறைக்க மாட்டேன். போன வாரம் இரண்டு பேர் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பாமலே, "உஷ்," என்றாள். அறை அடங்கிப் போனது. என் அறை, என் சொல். எனக்குக் காது மடல் சுட்டது.

நீங்கள் முடிவு சொன்ன அன்று அவளை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 'களைப்பினால் ஏற்பட்ட கவனக்குறைவு, பழக்கத்தில் பார்க்காமல் சொல்லிவிட்டார், தண்டனை வேண்டாம்' என்றீர்கள். இயக்குநர் என் கையைப் பிடித்து, நடக்கிறதுதான் சார், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றார். வழியில் சிக்னலில் நின்றபோது அவள் முன்னால் பார்த்தபடி பேசினாள்.

"நான் ஒரு தடவைதான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

சிக்னல் விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

"உங்களுக்காக இல்ல. அக்காவும் பாப்பாவும் எங்க போவாங்க? அதுக்காகத்தான். நீங்க எதிரில நின்னா இனிமே எனக்கு முகம் தெரியாது. அந்த ஒண்ணுக்கு மட்டும் சந்தோஷமா இருக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. வாய் ஓயாத பெண் அதற்கு மேல் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசவே இல்லை.

அவள் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள், மேடம். விசாரணையில் பொய் சொல்வது குற்றம் என்று நீங்களே தொடக்கத்தில் எச்சரித்தீர்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். அவள் முதல் தரம் கேட்டபோது நான் விதிப்படி ஷட்டரின் மேல் கையை வைத்தேன். குனிந்து பார்த்தேன். கைப்பிடி மேலே நின்றது. மேலே நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நன்றாகப் பார்த்தேன். ஸ்பேனரை நினைத்தேனா, தள்ளுவண்டியை நினைத்தேனா என்று கேட்டால் எதையும் நினைக்கவில்லை. கோபத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது. கோபப்பட்டால் கை நடுங்கும், என் கை நடுங்கவில்லை. மூடியாச்சு என்றேன். அவள் வலது கண்ணால் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "டார்ச் கூசிடுச்சு போல, நடுவுல கருப்பா ஏதோ நிக்குது," என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மாமா, நெஜமா மூடியாச்சுல்ல?" என்றாள்.

அப்போது அவளுக்கு இன்னொரு கண் முழுசாக இருந்தது. அது எனக்குத் தெரியும். என் கை இன்னும் ஷட்டரின் மேல்தான் இருந்தது. விரலை அசைத்திருந்தால் மூடிக்கொண்டிருக்கும். நான் மறுபடியும் குனிந்து, கைப்பிடியைப் பார்த்து, மூடியாச்சு என்றேன். அவள் இடது கண்ணால் குனிந்தாள். சொன்னது நான் அல்லவா, அதனால் குனிந்தாள்.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். என் மனைவியின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டேன். வண்டியில் அவள் சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு எடுத்தவன், ஒருகாலத்தில் நான் ஒரு வாரம் வெளியே நிறுத்தினேனே, அதே பையன். இப்போது அதிகாரி. ஷட்டரின் படத்தைத் திரையில் போட்டு, "இங்க ஒருத்தர் பாக்காமலே மூடியாச்சுன்னு சொல்லிட்டார், குனிஞ்சவங்களுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. அந்த மாதிரி அசால்ட்டா இருக்காதீங்க," என்றான். பிள்ளைகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அசால்ட்டா. என்னையா, மேடம்? செருப்பைக் கழற்றாமல் ஒரு நாள் அந்த அறைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. இனி வருகிற ஒவ்வொரு பிள்ளையும் என்னை அப்படித்தான் தெரிந்துகொள்ளப் போகிறது. நான் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கொதித்தது, தூங்கவில்லை.

இதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வரும். என் மனைவிக்குத் தெரிந்துவிடும், மகளுக்குத் தெரிந்துவிடும். தங்கை எதைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ அது இன்று சாயங்காலத்துக்குள் இல்லாமல் போய்விடும். யோசித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வேறு எதையும் குறைத்துக் கொடுக்க வேண்டாம். உங்கள் முடிவில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், மேடம். இரண்டு தடவையும்.